பங்குதாரர்னா எங்க பங்கு எவ்வளவு?

சில வருடங்களுக்கு முன்பு பிழைப்புக்காக மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களின் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒருமுறை கடலோரக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். நான் மொழிபெயர்த்த நான்கு பக்கத் துண்டறிக்கையை ஓர் இளைஞர் சத்தமாக வாசித்தார். ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல்லுக்கு எல்லோரும் போடுவதுபோல நானும் ‘பங்குதாரர்’ என்று போட்டிருந்தேன். “இத்திட்டத்தின் முதன்மைப் பங்குதாரர்களாகிய மீனவப் பெண்கள்...” என்று அவர் வாசித்ததும், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார்.

“பங்குதாரர்னு சொல்றீங்களே தம்பி, எங்க பங்கு எவ்வளவு?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மேடையில் இருந்தவர் மட்டும் சிரிக்காமல், “அது வந்தும்மா, கருத்து சொல்ற உரிமை” என்றார். “சொன்னா மாத்துவீங்களா?” என்றார் அந்த அம்மா. பதில் வரவில்லை. டீ வந்தது.

அதற்குப் பிறகு என்னால் அந்த ஆவணங்களை வெறும் கூலி வேலையாகப் பார்க்க முடியவில்லை. அவற்றை ஒரு இலக்கிய வகைமையாக வாசிக்க ஆரம்பித்தேன். அதற்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது. ‘கலந்தாலோசிக்கப்பட்டது’, ‘இடம்பெயர்க்கப்படுவர்’, ‘உரிய மறுவாழ்வு வழங்கப்படும்’ என்று எல்லா வினையும் செயப்பாட்டில் வரும். செய்தவர் யார் என்று வாக்கியத்துக்குள் தேடினால் கிடைக்கமாட்டார். அதற்கென்று கதைமாந்தர்களும் உண்டு: பயனாளிகள், இலக்குக் குழுவினர், விளிம்புநிலையினர். நாற்பது பேர் வாசித்த கவிதைத் தொகுப்புக்கு நாலாயிரம் வார்த்தை எழுதுகிற நாம், லட்சம் பேரின் வீட்டையும் வயலையும் முடிவுசெய்கிற இந்த உரைநடையை ஏனோ விமர்சனத்துக்கு எடுப்பதே இல்லை.

இத்தனைக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வளர்ச்சி என்பதே ஒரு மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 1986இல் பிரகடனம் செய்தது. 146 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். 2003இல் ஐ.நா. அமைப்புகள் கூடி, இனி எங்கள் வளர்ச்சிப் பணிகளில் மக்கள் ‘உரிமை உடையோர்’, அரசுகள் ‘கடமை உடையோர்’ என்று ஒரு பொதுப் புரிதலுக்கு வந்தன. அன்றோடு ‘பயனாளி’ ஓய்வுபெற்றிருக்க வேண்டும். அவர் இன்னும் பணியில்தான் இருக்கிறார்.

மூன்று பிரதிகளைப் பற்றி எழுத விரும்புகிறேன்: ஓர் அறிக்கை, ஒரு கட்டுரை, ஒரு தீர்ப்பு. முதல் இரண்டும் நர்மதையின் சர்தார் சரோவர் அணை பற்றியவை. மூன்றாவது, கட்ச் கடற்கரையில் உள்ள முந்த்ரா அனல்மின் நிலையம் பற்றியது. இரண்டு இடமும் குஜராத். இன்னொரு ஒற்றுமை, தேடாமலே கண்ணில் பட்டது: அணைக்கு உலக வங்கி 1985இல் கொடுக்க ஒப்புக்கொண்டது 45 கோடி டாலர், அனல்மின் நிலையத்துக்கு அதே வங்கிக் குழுமத்தின் தனியார் கடன் பிரிவான சர்வதேச நிதிக் கழகம் 2008இல் கொடுத்ததும் 45 கோடி டாலர்.

மோர்ஸ் அறிக்கை என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த 1992 ஆவணம் வந்த விதமே ஒரு கதை. அணைக்கு எதிராக நர்மதா பச்சாவ் அந்தோலன் 1990 கடைசியில் நெடும்பயணம் கிளம்பி, குஜராத் எல்லையில் ஃபெர்குவா என்ற இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டது. மேதா பட்கர் அங்கே 22 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த நெருக்கடியில், தான் பணம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு திட்டத்தை வெளியாட்களைக் கொண்டு ஆய்வுசெய்ய உலக வங்கி தன் வரலாற்றில் முதல்முறையாக ஒப்புக்கொண்டது. தலைவர், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி பிராட்ஃபோர்ட் மோர்ஸ். துணைத்தலைவர் கனடாவின் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர். மெக்கன்ஸி பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் போடலாமா என்று 1970களில் விசாரித்தபோது, பூர்வகுடிகளின் சிற்றூர்களுக்கே போய் உட்கார்ந்து கேட்டவர். குழுவில் இன்னொருவர் ஹ்யூ பிராடி. வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் வேட்டைக்குடிகள் வரைந்த வரைபடங்களைப் பற்றி ‘மேப்ஸ் அண்ட் டிரீம்ஸ்’ என்ற அற்புதமான புத்தகத்தை 1981இல் எழுதிய மானுடவியலாளர். ஒரு எழுத்தாளர் கையும் பட்ட அதிகாரபூர்வ அறிக்கை என்பதாலோ என்னவோ, இதன் வாக்கியங்களுக்கு எழுவாய் இருக்கிறது. ‘நாங்கள் போனோம்’, ‘எங்களிடம் சொன்னார்கள்’, ‘எங்களுக்குக் காட்டப்பட்ட ஆவணம் வேறு சொல்கிறது’ என்ற தொனியிலேயே முழுதும் நகர்கிறது.

அறிக்கையின் பெரிய சாதனை, அது திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே ஒரு சின்னக் கேள்வி: இந்தக் கணக்கில் யார் இல்லை?

நீருக்குள் போகப்போகும் 245 கிராமங்களில் குறைந்தது ஒரு லட்சம் பேர். குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளில் ஏறக்குறைய எல்லோரும் ஆதிவாசிகள். நர்மதை நடுவர் மன்றம் 1979இல் நிலத்துக்கு நிலம் என்று சொல்லியிருந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் நிலம் யாருக்கு? பதிவேட்டில் நிலம் உள்ளவர்களுக்கு. தலைமுறைகளாகக் காட்டுச் சரிவில் பயிர்செய்துவந்தவருக்குப் பதிவேட்டில் பெயர் இல்லை. அங்கே அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது, ‘ஆக்கிரமிப்பாளர்’. நம் ஊரில் ‘புறம்போக்கு’ என்ற வருவாய்த்துறைச் சொல் எப்படி ஒரு மனுசனைத் திட்டும் சொல்லாச்சு என்று யோசித்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். மோர்ஸ் குழு இந்த இடத்தில் ஒரு பழைய தாளை எடுக்கிறது: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107ஆம் உடன்படிக்கை. பழங்குடிகள் வழிவழியாக அனுபவிக்கும் நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் அந்த உடன்படிக்கையை இந்தியா 1958லேயே ஏற்றிருக்கிறது. அப்படியானால் அந்த விவசாயி எப்படி ஆக்கிரமிப்பாளர் ஆனார்? அறிக்கை குரலை உயர்த்தாமல் இதைக் கேட்கிறது. குஜராத் பின்னாளில் தன் விதிகளைத் திருத்தி நிலமற்றவர்களுக்கும் இரண்டு ஹெக்டேர் என்று அறிவித்ததை மறக்காமல் பாராட்டவும் செய்கிறது. மற்ற இரண்டு மாநிலங்களும் அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்புறம் கால்வாய். பிரதான கால்வாய் மட்டும் சுமார் 460 கிலோமீட்டர். கால்வாய்களாலும் பாசன வலைப்பின்னலாலும் பாதிக்கப்படக்கூடிய விவசாயிகள் 1,40,000 பேர் என்று அறிக்கை மதிப்பிடுகிறது. இவர்கள் ‘திட்டத்தால் பாதிக்கப்பட்டோர்’ என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை. ஏனென்றால் அந்த வரையறை தண்ணீரில் மூழ்குபவர்களை மட்டும் பார்த்தது. தண்ணீர் கடந்துபோகும் வழியில் நிலத்தை இழப்பவர் அதன்படி பாதிக்கப்படாதவர். அணைக்கு அருகே பணியாளர் குடியிருப்புக்காக 1961லேயே நிலம் கொடுத்த கேவடியா பகுதிக் கிராமங்களும் அப்படித்தான் வெளியே நின்றன. (இன்று அந்தக் கேவடியாவில்தான் 182 மீட்டர் உயரப் படேல் சிலை நிற்கிறது.)

இந்தப் பக்கங்களை ஒரு நாவல் வாசகன் என்ற முறையில் பொறாமையோடு வாசித்தேன். ஒரு சொல்லின் வரையறையை எடுத்துக்கொண்டு, அதற்கு வெளியே விடப்பட்ட மனிதர்களைத் தேடிப் போவதுதானே நல்ல புனைகதையும் செய்வது. ஆனால் குறையும் உண்டு. முழு அறிக்கையும் வங்கித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குகிறது, கடைசிவரை அவரைப் பார்த்தே பேசுகிறது. கிராமத்தவர்கள் ‘எங்களிடம் சொன்னார்கள்’ என்ற வாலில் வந்து போகிறார்கள். முடிவு கடுமையானதுதான்: இப்போதிருக்கும் நிலையில் எல்லோருக்கும் மறுவாழ்வு சாத்தியமில்லை, சுற்றுச்சூழல் பாதிப்பு சரியாக ஆராயப்படவில்லை, வங்கி ஒரு அடி பின்வாங்கி யோசிப்பதே நல்லது. ஆனாலும் அது ஆலோசனை. கேட்டால் கேட்கலாம்.

வங்கி கேட்கவில்லை. 1992 அக்டோபரில் சில நிபந்தனைகளோடு தொடர முடிவெடுத்தது. அறிக்கையில் சொன்னதை வங்கி நிர்வாகம் திரித்துச் சொல்கிறது என்று மோர்ஸும் பெர்கரும் மீண்டும் ஒரு கடிதம் எழுத வேண்டிவந்தது. கடைசியில் 1993 மார்ச்சில் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாத இந்திய அரசே மீதி 17 கோடி டாலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்ட மக்கள் நேரடியாகப் புகார் கொடுக்க ‘ஆய்வுக் குழு’ ஒன்றை உலக வங்கி ஏற்படுத்தியது. நர்மதைப் பள்ளத்தாக்கு உலகத்துக்குக் கொடுத்த நிறுவனம் அது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பள்ளத்தாக்குக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் எனக்குத் தொண்டையில் முள் சிக்குகிறது. கடன் போனது, அணை போகவில்லை. உள்நாட்டுப் பணத்தில் வேலை தொடர்ந்தது. 2000 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அனுமதி தந்தது. 138.68 மீட்டர் உயரத்தில் முழுமையாகி 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வங்கி இருந்தவரை அதன் கொள்கைப் புத்தகத்தைக் காட்டி, “நீயே எழுதினது, நீயே மீறுறியே” என்று கேட்க ஒரு இடமாவது இருந்தது. வங்கி கிளம்பியதும் அந்த இடமும் கிளம்பிவிட்டது. கடன் ஒப்பந்தத்தின் இணைப்பாக வந்த உரிமை, கடனோடு சேர்ந்தே போய்விட்டது. வங்கியை வெளியேற்றியதை வெற்றியாகக் கொண்டாடியவர்களைக் குறைசொல்லவில்லை. அன்று நான் அங்கே இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் வாஷிங்டனில் கேட்ட கேள்வியைத் தன் சொந்த அரசிடம் அதே வலுவோடு கேட்கும் வழி, பதிவேட்டில் பெயரில்லாத ஆதிவாசிக்கு எங்கே இருந்தது?

அருந்ததி ராயின் ‘தி கிரேட்டர் காமன் குட்’ 1999இல் அவுட்லுக், ஃபிரண்ட்லைன் இரண்டிலும் வந்தது. மோர்ஸ் அறிக்கை பேசாமல் விட்ட கோபத்தை எல்லாம் இது பேசுகிறது. அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த நாடு எண்ணியே வைக்கவில்லை என்பதுதான் அதன் மையமான கண்டுபிடிப்பு. 54 பெரிய அணைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, அணைக்குச் சராசரியாக 44,182 பேர் என்றது. ராய் அதை நம்பத் தயங்கி, வேண்டாம், பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம் என்று 3,300 அணைகளால் பெருக்குகிறார்: 3 கோடியே 30 லட்சம். இந்தப் பெருக்கலைப் பலர் கேலி செய்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் நேர்மையான இடமாகத் தோன்றுவது அதுதான். தோராயம் என்று வாசகன் கண் முன்னாலேயே போட்டுக்காட்டுகிறார். தப்பு என்றால் சரியான எண்ணை அரசு வெளியிடட்டுமே.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 2000இல் இந்து நாளிதழில் ராயைக் கடுமையாக விமர்சித்தார். மிகை, தன்முனைப்பு என்பவை அவருடைய குற்றச்சாட்டுகள். அதில் பாதியை ஏற்கிறேன். ராயின் ‘நான்’ சில பத்திகளில் பள்ளத்தாக்கைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆனால் என் சிக்கல் வேறு. ராயின் ஆதிவாசி எப்போதும் களங்கமில்லாதவர். ஆற்றோடும் காட்டோடும் முழுமையாக வாழ்ந்தவர். இழப்பதற்காகவே பக்கத்தில் நிற்பவர். அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒருவருக்கு மின்சாரம் வேண்டும் என்று இருந்திருக்கலாம், மகனைப் படிக்கவைக்க ஊரைவிட்டுப் போக ஆசை இருந்திருக்கலாம், கொடுக்கும் நிலம் நன்றாக இருந்தால் சரி என்று பேரம்பேசும் எண்ணம் இருந்திருக்கலாம். அணையின் மறுபக்கமும் பொய்யில்லை. கட்ச், சௌராஷ்டிரத்தின் வறட்சி உண்மை. அங்கே நர்மதைத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருப்பதும் உண்மை. வங்கியின் ஆவணத்தில் ஆதிவாசி ஒரு ‘பயனாளி’ என்றால், ராயின் கட்டுரையில் அவர் நம் பரிவின் பயனாளி. இரண்டிலும் அவர் பேரம் பேசுவதில்லை.

மூன்றாவது பிரதியில்தான் அவர் பேரம் பேசவும் வழக்கு போடவும் வருகிறார். இலக்கிய நயம் துளியும் இல்லாத, சட்டப்பிரிவு எண்கள் நிறைந்த ஒரு தீர்ப்பு: ஜாம் எதிர் சர்வதேச நிதிக் கழகம், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2019 பிப்ரவரி 27.

கட்ச் கடற்கரையில் மீனவக் குடும்பங்கள் வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் ‘பந்தர்’ என்று அழைக்கப்படும் மணல்திட்டுகளில் குடிசை போட்டுத் தங்கி மீன்பிடிப்பார்கள், கருவாடு காயவைப்பார்கள். மழைக்காலத்தில் ஊர் திரும்புவார்கள். படகில்லாமல் நடந்தே போய் வலைகட்டும் ‘பகடியா’ மீனவர்களும் உண்டு. 4,000 மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்ட நிலக்கரி அனல்மின் நிலையம் பக்கத்தில் வந்தது. நிலையத்திலிருந்து வரும் சூடான நீர் கடலில் கலந்து மீன்வரத்து குறைந்தது, கரித்தூள் கருவாட்டில் படிகிறது, கிணற்று நீர் உப்பாகிறது என்பவை அவர்களுடைய குற்றச்சாட்டுகள். மச்சிமார் அதிகார் சங்கர்ஷ் சங்கடன் என்ற அவர்களுடைய அமைப்பு 2011இல் கழகத்தின் உள் குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தது. 2013இல் வந்த தணிக்கை அறிக்கை, கழகம் தன் சொந்த விதிகளின்படி நடக்கவில்லை என்று சொன்னது. அதில் ஒரு இடம் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பருவத்துக்கு மட்டும் வந்து தங்கும் அந்த மீனவக் குடும்பங்கள், திட்டத்தின் தொடக்க மதிப்பீட்டில் பாதிக்கப்படக்கூடியவர்களாகச் சரியாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. நர்மதையில் பதிவேட்டில் பெயரில்லாதவர், முந்த்ராவில் நிரந்தர முகவரி இல்லாதவர். இருபது ஆண்டுகள், கொள்கைப் புத்தகங்களின் எத்தனையோ பதிப்புகள்; அதே ஓட்டை வழியாக அதே ஆட்கள் விழுகிறார்கள்.

தணிக்கை அலுவலகத்துக்குக் கண்டுபிடிக்கலாம், கட்டளையிட அதிகாரமில்லை. ஆகவே 2015இல் மீனவர்களும் விவசாயிகளும் நவினால் ஊராட்சியும் சேர்ந்து கழகத்தின் தலைமையகம் உள்ள வாஷிங்டனிலேயே வழக்குத் தொடுத்தார்கள். கழகத்தின் பதில் சுருக்கமானது: நாங்கள் சர்வதேச அமைப்பு, எங்கள் மீது வழக்கே போட முடியாது.

இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1945இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, வெளிநாட்டு அரசுகள் அனுபவிக்கிற அதே வழக்குவிலக்கு சர்வதேச அமைப்புகளுக்கும் உண்டு என்கிறது. 1945இல் அரசுகள் அனுபவித்தது கிட்டத்தட்ட முழு விலக்கு. ஆனால் 1976இல் வந்த வேறொரு சட்டத்தின்படி, வணிக நடவடிக்கை என்றால் வெளிநாட்டு அரசையும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். அப்படியானால் ‘அனுபவிக்கிற’ என்றால் எப்போது அனுபவிக்கிற? சட்டம் எழுதிய அன்றா, வழக்கு வரும் இன்றா? ஒரு வினையின் காலத்தைப் பற்றிய சண்டை. கட்ச் மீனவர்களின் கருவாடு அந்த நிகழ்கால வினையில் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு ‘இன்று’ என்றது. ஏழுக்கு ஒன்று. முழு விலக்கு இல்லை, வழக்குப் போடலாம்.

மூன்று பிரதிகளில் இலக்கியத் தரம் குறைந்தது இதுதான், எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். இதில் மீனவர் நல்லவரா, கடலோடு இசைந்து வாழ்ந்தவரா என்று யாரும் கேட்கவில்லை. அவருக்காக யாரும் உருகவில்லை. அவர் வாதி, எதிரில் நிற்பது பிரதிவாதி. உரிமை என்ற சொல்லுக்கு அறிக்கைகளில் பக்கம் பக்கமாக விளக்கம் வாசித்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற ஒன்றை மட்டும் அவை கவனமாகத் தவிர்த்துவிடும். உலக வங்கியை மனித உரிமை நுழைய முடியாத ஒரு பகுதி என்ற பொருளில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2015இல் எழுதினார். வங்கி அரசியலில் தலையிடக் கூடாது, பொருளாதாரக் காரணங்களை மட்டுமே பார்க்க வேண்டும் என்று அதன் நிறுவன ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டியே காலம் ஓடியது. ஓர் ஆதிவாசியின் வயலை மூழ்கடிப்பது பொருளாதாரம், அவரைக் கேட்டாயா என்று கேட்பது அரசியல்.

வழக்கு அப்புறம் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் இந்தக் கட்டுரையும் ஒரு வெற்றிக்கதை ஆகிவிடும். வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது. வணிக நடவடிக்கை என்ற விதிவிலக்கு, அந்த நடவடிக்கை அமெரிக்காவில் நடந்திருந்தால்தான் பொருந்தும். கடனுக்குக் கையெழுத்திட்டது வாஷிங்டனில் இருக்கலாம், ஆனால் வழக்கின் அடிப்படை அனல்மின் நிலையம் இயங்கும் இந்தியாவில்தான் என்று சொல்லி 2020 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தார்கள். 2021இல் மேல்முறையீடும் தோற்றது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்க மறுத்துவிட்டது. இழப்பீடு ஒரு டாலர்கூட இல்லை. தீர்ப்பு மட்டும் நிற்கிறது. இன்று அமெரிக்காவில் எந்தச் சர்வதேச அமைப்பு “எங்கள் மீது வழக்கே கூடாது” என்று சொன்னாலும், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டுவது கட்ச் மீனவர் ஒருவரின் பெயரில் இருக்கும் அந்தத் தீர்ப்பைத்தான்.

போன வருடம் பழைய பழக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. ஸ்டேக்ஹோல்டர் வந்த இடத்தில் எல்லாம் ‘கேள்வி கேட்கும் உரிமையுள்ளவர்கள்’ என்று போட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பில் ஒரு குறிப்பு: “நீளமாக இருக்கிறது. பங்குதாரர் போதும்.”